நடுப்பக்கத்தில் ஒரு குத்தூசி

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பேர் கேட்டவர்களை எல்லாம் "என்னத்துக்குங்க கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டவர். ரேஷன் கடையில் மட்டும் சொல்வார், அங்கே வேறு வழியில்லை. கொல்லிமலைச் சந்தையில் எல்லோரும் அவரை அக்கா என்றார்கள், நானும் அக்கா என்றேன். அத்தோடு நின்றது.

மலையடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு மிளகு வியாபாரம். வாரச் சந்தைக்கு வேன் எடுத்துக்கொண்டு வளைவெல்லாம் ஏறி, அரியூர் நாடு, தேவனூர் நாட்டுப் பக்கமிருந்து ஆட்கள் கொண்டுவரும் மிளகை வாங்கி வருவது என் வேலை. மூட்டையை வாங்குமுன் குத்தூசி போடுவோம். ஒரு முழ நீளம், நடுவில் குழிவிட்ட இரும்பு அது. கோணியின் வயிற்றில் செருகி இழுத்தால் உள்ளே கிடக்கும் மிளகு ஒரு பிடி குழியில் ஏறி வந்துவிடும். மேலே கறுப்பு முத்துகளாகப் பளபளக்கும் மூட்டையில் நடுவிலிருந்து உள்ளீடில்லாத பொக்கு வரும், சில நாள் பப்பாளி விதைகூட வரும். மூட்டையோட வாய் பேசும், வயிறுதான் உண்மை சொல்லும் என்பார் எங்கள் அத்தா.

முதல் தடவை அக்காவின் மூட்டையில் நான் குத்தூசி போட்டபோது அவர் தடுக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் பையிலிருந்து ஓர் உருண்டைக் கல்லை எடுத்து என் மின்தராசில் வைத்தார். ஓடையில் கிடக்கும் வழவழப்பான கல். எண் ஓடி நின்றது. குனிந்து பார்த்துவிட்டுக் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"சரியாத்தான் இருக்குது, இன்னைக்கு" என்றார்.

கல்லின் எடை என்ன என்று கேட்டேன். சொல்லவில்லை. சொல்லிவிட்டால் என் தராசு அந்த ஒன்றை மட்டும் சரியாகக் காட்டக் கற்றுக்கொள்ளுமாம். எத்தனையோ பருவம் அந்தக் கல் என் தராசில் ஏறி இறங்கியது. எண் எனக்கே மனப்பாடம். ஆனாலும் தெரியாதவன் மாதிரிதான் இருந்தேன். தெரியும் என்று காட்டினால் அடுத்த வாரம் வேறு கல்லோடு வருவார்.

அக்கா எதையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டார். பஸ் எங்கே போகிறது என்று கண்டக்டரிடம் கேட்பார், டிரைவரிடம் கேட்பார், உள்ளே உட்கார்ந்திருப்பவரிடமும் கேட்பார். எல்லோரும் ஒரே ஊரைச் சொன்னால் ஏறுவார். ரொம்ப வேகமாக ஒரே ஊரைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் யோசிப்பார். இப்படி இருந்தால் எப்படி அக்கா என்று ஒரு நாள் சிரித்தேன்.

"ரோடே இத்தன வாட்டி திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுத்தான் மலை ஏறுதுங்க பாய். மனுசன் பாக்காம ஏறலாமா?"

அன்று வேன் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் இந்தப் பேச்சு என்னோடு வந்தது.

சந்தைமேட்டை ஒட்டி ஒரு கிளை நூலகம். ஒரு கூடம், ஓர் உள்ளறை. கூடத்தில் பேப்பர் படிக்கிறவர்கள், உள்ளறையில் அலமாரிகள். மழை பிடித்தால் சந்தை ஆட்களில் பாதிப்பேர் டீக்கடைக்கும் மீதிப்பேர் நூலகத் தாழ்வாரத்துக்கும் ஓடுவோம். நான் தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே போகிற ஆள். எட்டாவதோடு பள்ளியை விட்டு மாமாவின் மளிகைக் கடையில் நின்றவன் நான். பொட்டலம் கட்டக் கிழித்து வைத்திருக்கும் பழைய புத்தகத் தாள்களைப் படித்தே வாசிக்கும் கிறுக்கு பிடித்தது. கதைக்குத் தலை இருக்காது, வால் இருக்காது, நடு மட்டும் கிடைக்கும். இதை ஒரு நாள் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

உள்ளறையில் அவரைப் பார்த்தபோது மழைக்கு ஒதுங்கி நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கையில் ஒரு நாவல் நடுவில் திறந்திருந்தது. மலைப் பள்ளி விடுதியில் தங்கிச் சில வகுப்புகள் படித்தவர், எழுத்துக் கூட்டாமல் வாசிப்பார். உட்காரமாட்டார். ஈரச்சுவரில் முதுகைக் கொடுத்து, வாசலுக்கு நேராக நின்றுதான் படிப்பார். ஏன் நடுவிலிருந்து என்று கேட்டேன்.

"நீங்க எங்க மூட்டைக்குச் செய்யறதத்தான் நான் இதுக்குச் செய்யறேன். மொதப் பக்கத்துல எவனும் நல்லாத்தான் எழுதுவான், மேல நல்ல மொளகு தூவறாப்புல. நடுவுல குத்திப் பாத்தாத் தெரிஞ்சு போயிருமுங்க."

நடுவில் ஒரு பக்கம் வாசிப்பார். தேறினால் முதல் பக்கத்துக்குப் போவார். தேறாவிட்டால் தூசியைத் தட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்.

எந்தப் புத்தகத்தைக் குத்திப் பார்ப்பது என்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. கண்ணுக்கு நேரான தட்டில் எல்லோரும் எடுத்துப்போகிற நாவல்கள். ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, பின்னட்டைக்குள் ஒட்டிய தேதிச் சீட்டில் இடமில்லாமல் முத்திரை. அந்தப் பக்கமே போகமாட்டார். எல்லாருக்கும் நல்லவனாக ஒருத்தன் இருந்தால் அவன் யாரையோ ஏமாற்றுகிறான் என்பார். பரிசு வாங்கியது என்று அட்டையில் போட்டிருந்தால், மாலை போட்டதால் ஆட்டுக்கு எடை கூடாது என்பார். அவர் குனிவது கதவுக்குப் பின்னாலிருந்த அலமாரியின் கடைசித் தட்டுக்கு. நூலகம் திறந்த நாளில் வந்து சேர்ந்து, அன்றிலிருந்து யாரும் தொடாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கிற புத்தகங்கள். தேதிச் சீட்டு வெள்ளை வெளேரென்று இருக்கும்.

"யாரும் கண்டுக்காத ஆளுதானுங்க ஊரை நல்லா வேடிக்கை பாத்திருப்பான்" என்றார்.

அந்தத் தட்டிலிருந்து அக்கா கண்டுபிடித்தவை அப்படி இப்படிப்பட்டவை அல்ல. அண்ணன் தம்பி இருவர் பாறைக்காட்டில் கிணறு வெட்டுகிற கதை ஒன்று. கதை முழுக்க வெட்டுகிறார்கள், பேசிக்கொள்வதில்லை. தண்ணீர் வருவதற்குள் எனக்கே தொண்டை வறண்டுபோனது. ஓர் உப்பளத்து மேஸ்திரி தன் வாழ்க்கையைத் தானே சொல்கிற கதை இன்னொன்று. எழுதியவர்கள் வேறு ஏதும் எழுதினார்களா என்று யாருக்கும் தெரியாது. சந்தை இரைச்சலுக்கு நடுவே, மழைத்தண்ணீர் ஒழுகும் ஓர் அறையில், இப்படி எழுதுகிறவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அது ஒரு தனி ருசி.

உப்பளத்துக் கதையில் மேஸ்திரியின் பெண்சாதி ஒருநாள் காரணமே இல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விடுவாள். மேஸ்திரி அழுது அழுது சொல்வான். எனக்கும் கண் கலங்கியது. அக்காவுக்குக் கலங்கவில்லை.

"இவந்தானே சொல்றான். அவ சொன்னது எங்கயாச்சும் இருக்குதா? காரணமில்லாம எந்தப் பொம்பளையும் மழைக்காலத்துல ஊட்ட விட்டுக் கெளம்ப மாட்டா பாய். முன்னாடி போயித் தேடுங்க."

தேடினேன். எங்கோ முன்னால், உப்பு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறபோது, பெண்சாதி வளர்த்த ஆடு இரண்டையும் விற்றுத் தராசு வாங்கியதாக ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுப் போயிருந்தான் அந்த மேஸ்திரி. கண்ணீரில் நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். அதிலிருந்து எந்தக் கதையில் யார் அழுதாலும் எனக்கு ஆட்டு ஞாபகம் வந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம்விட அக்காவுக்குப் பிடித்தது அட்டை போன ஒரு புத்தகம். ரயில்வே கேட் காவல்காரனின் பெண்சாதி, கேட்டில் வந்து நிற்கும் வண்டிக்காரர்களிடமெல்லாம் காணாமல் போன தன் தம்பியை விசாரித்துக்கொண்டே இருப்பாள். ஆளுக்கொரு துப்புச் சொல்வார்கள். தம்பி வந்தானா என்பது கடைசிப் பக்கங்களில் இருக்க வேண்டும். அந்தப் பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. நான் பதறினேன். அக்காவுக்கு அதில் திருப்தி. கடைசியில் எல்லாத்தையும் கூட்டிச் சேர்த்து வைக்கிற இடத்தைத்தான் தான் எந்தக் கதையிலும் நம்புவதில்லை, இதில் அந்தத் தொந்தரவு இல்லை என்றார்.

அடுத்த சந்தைவரை புத்தகத்தை விட்டுப்போக வேண்டுமே. வேறு யாரும் எடுத்துவிடாமலிருக்க அக்கா ஓர் இடம் வைத்திருந்தார். கடைசித் தட்டில் தடித்த அகராதிகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. படிக்கிற புத்தகத்தை அதற்குள் செருகிவிடுவார். எத்தனையோ மாதப் பழக்கத்துக்குப் பிறகுதான் எனக்கு அந்த இடத்தைக் காட்டினார். மிளகு பறிப்பு, சந்தைக்கு வரமுடியாது, அதுவரை நான் படிக்கட்டும் என்று காட்டினார். காட்டும்போது குரலைத் தாழ்த்தி, இது உங்களுக்கு மட்டும், வெளியே போனால் யார் வழியாகப் போனது என்று எனக்குத் தெரிந்துவிடும் என்றார். நல்ல பேச்சா மிரட்டலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நூலகரும் கீழேயிருந்து வருகிறவர்தான். நல்ல மனிதர், ஆனால் புத்தகங்கள் தானாக இடம் மாறுவதைக் கவனித்துவிட்டார். வருகைப் பதிவில் கையெழுத்துப் போடாமல் ஓர் அம்மா உள்ளே போகிறார், வரும்போது பை தொங்குகிறது. கொஞ்சம் கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் காதோடு சொன்னார். அக்காவிடம் பழகிப் பழகிச் சந்தேகம் எனக்கும் ஒட்டியிருந்தது. பையை நானும் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு சந்தை நாள் கிணற்றுக் கதையைக் காணோம் என்று நூலகர் வாசலிலேயே அக்காவை நிறுத்தினார். கூடத்தில் பேப்பர் படித்தவர்கள் எல்லாம் தலைநிமிர்ந்தார்கள். பையைத் திறக்கச் சொன்னார். அக்கா திறந்து, உள்ளே கைவிட்டு, கல்லை எடுத்து அவர் மேசைமேல் வைத்தார். வேறு ஒன்றுமில்லை, ஒரு சீப்பு வாழைப்பழம். நூலகர் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. மன்னிச்சுக்குங்கம்மா என்றார்.

"சந்தேகப்படறது நல்லதுதானுங்க. இத்தன நாளா நீங்க கேக்கலியேன்னுதான் எனக்கு உங்க மேல சந்தேகமா இருந்துச்சு" என்றார் அக்கா.

சொல்லிவிட்டுக் கல்லை எடுத்துக்கொண்டு போனார். கிணற்றுக் கதை அகராதிகளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

உறுப்பினராகிவிட்டால் வீட்டுக்கே எடுத்துப் போகலாமே என்று எத்தனையோ முறை சொல்லிப்பார்த்தேன். ஆகமாட்டார். அதற்கு ஒரு விண்ணப்பம், அதன் அடியில் ஒரு கையெழுத்து. அவருடைய அப்பன் ஒரு மழைநாளில், படித்துக் காட்டியதை நம்பி, ஒரு தாளில் பெருவிரல் வைத்தார். அந்த வருசத்திலிருந்து அவர்கள் காட்டுப் பலாவும், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும் கண்ணெதிரே வேறொருவருக்குக் காய்த்தன. மலையில் இப்படி அநேகம் வீடுகள். தாள் கொண்டுவந்தவர்கள் எல்லாம் கீழேயிருந்து வந்தவர்கள், நானும் கீழேயிருந்து வருகிறவன். அதனால் இந்தப் பேச்சு வந்தால் நான் தரையைப் பார்த்துக்கொள்வேன். கையெழுத்துப் போடுவது வாய்க்கால் வெட்டுகிற மாதிரி, வெட்டுவது நீ, தண்ணீர் யார் காட்டுக்குப் போகும் என்று உனக்குத் தெரியாது என்று சந்தையில் பெண்களைப் பார்த்தால் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் பேச்சைக் கேட்டு எதிலும் கையெழுத்துப் போடாமல் தப்பித்தவர்கள் உண்டு.

இப்படியே போயிருக்கும். ஒரு சந்தை நாள், மூட்டையெல்லாம் எடை போட்டு முடிந்து, நானும் அக்காவும் மழைக்கு நூலகத்துக்குள் நுழைந்தால் வாசலருகே புத்தகங்கள் சணல் கயிற்றால் கட்டிக் கிடக்கின்றன. கதவுக்குப் பின்னாலிருந்த அலமாரியின் கடைசித் தட்டு காலி. அகராதிகள் மட்டும் நின்றன.

அக்கா கட்டுகளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். உப்பளம் இருந்தது, கிணறு இருந்தது, அட்டை போன கேட் காவல்காரன் கதை கட்டின் அடியில் நசுங்கிக் கிடந்தது. அவர் திரும்பியது நூலகரைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து.

"பொட்டலம் கட்டவா பாய்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மாமா கடையில் கிழித்து வைத்த தாள்கள்.

"உங்களுக்கு மட்டுந்தான் காட்டுனேன். நாங்க காட்டுன மரத்தத்தான் எப்பவும் வெட்டுவீங்க நீங்க" என்றார்.

அத்தனை பருவம் தராசில் கல் வைத்தபோது வராத வலி அன்று வந்தது. அல்லாஹ் மேல் ஆணையாக எனக்குத் தெரியாது அக்கா என்றேன். ஆணையிடுகிறவனை அவர் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவார் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

நூலகர்தான் நடுவில் வந்தார். வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் புதுப் புத்தகங்கள் வருகின்றன, அலமாரி வேண்டும், பல வருசமாக யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழித்துக் கீழே அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், சாயங்காலம் வண்டி வருகிறது என்றார். பாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். அக்கா காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. இதெல்லாம் நான் படித்த புத்தகம் என்றார்.

நூலகர் கயிற்றைத் தளர்த்தி உப்பளத்துக் கதையை உருவிப் பின்னட்டையைத் திறந்து காட்டினார். தேதிச் சீட்டு வெள்ளையாக இருந்தது.

"படிச்சிருப்பீங்கம்மா. ஆனா இதுல ஒண்ணும் இல்லையே. வருகைப் பதிவுலயும் நீங்க இல்ல. யாருமே தொடாத புத்தகம்னுதான் நான் எடுத்துக்க முடியும்."

அக்கா அந்த வெள்ளைச் சீட்டை விரலால் தடவினார். வெகுநேரம் தடவினார். யார்மேலும் பாயாமல் அவருடைய சந்தேகம் முதல்முறையாகத் திரும்பி அவரையே பார்த்ததை நான் அப்போது பார்த்தேன். தடம் தெரியாமல் படித்ததால்தான் அந்தப் புத்தகங்கள் இத்தனை நாள் பத்திரமாக இருந்தன, இன்று கட்டி வைத்துக் கிடப்பதும் அதனால்தான்.

வண்டி வருவதற்குள் யாராவது எடுத்துப்போனால் அவை புழக்கத்தில் உள்ள புத்தகங்கள், கழிக்கமாட்டேன் என்றார் நூலகர். ஓர் உறுப்பினர் அட்டைக்கு மூன்றுதான் தரமுடியும். என் அட்டை கீழே எங்கள் ஊர் நூலகத்தில், அது இங்கே செல்லாது. நான் எது சொன்னாலும் அது தாள் கொண்டுவந்தவன் சொல்கிற மாதிரியே இருக்கும்.

அக்கா விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினார். அதையும் நடுவிலிருந்துதான் படித்தார். பிறகு மேலிருந்து, பிறகு கீழிருந்து. பின்பக்கம் திருப்பினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பேனாவை வாங்கி, எழுதாமல் விட்ட இடங்களிலெல்லாம் குறுக்கே கோடு இழுத்தார், பிற்பாடு யாரும் ஒரு சொல்லைச் சேர்த்துவிடாதபடிக்கு. கடைசியில் அடியில் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார், ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி.

மூன்று எடுத்தார், அட்டை போன கேட் காவல்காரன் கதையை முதலில். கட்டுகள் அப்படியேதான் இருந்தன.

தூறலில் வெளியே இறங்கிப் போனார். பின்னாலேயே நூலகர் குடையும் விண்ணப்பங்களுமாக. நான் சற்றுத் தள்ளி. பலாப்பழம் விற்கிற பெண்ணிடம்தான் முதலில் போனார். ஒரு கையெழுத்துப் போடு கண்ணு என்றார். அவள் சுளை எடுத்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, நீங்களா பேசறது? எதுலயும் கையெழுத்துப் போடாதன்னு எங்கக்கா ஒருத்தி சொல்லிக்கிட்டு இருப்பா, அவகிட்டக் கேட்டுத்தான் போடோணும்."

பக்கத்துக் குச்சிக்கிழங்குக் குவியல்களுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு. கிழங்கு விற்கும் கிழவி ஒருத்தி, இதுல உனக்கு என்ன கிடைக்குது, அதை மொதல்ல சொல்லு என்றாள். இன்னொருத்தி தூரத்தில் நின்ற என்னைக் காட்டி, பாய் எதுக்குக் கூட நிக்கறாரு என்றாள். அக்கா கோபப்படவில்லை. அவர் இவர்களுக்கு இத்தனை காலம் விதைத்தது, நன்றாக விளைந்து நின்றது. எந்த இடத்தில் சிரிப்பது என்று தெரியாமல் நான் வேனில் சாய்ந்து நின்றேன்.

அக்கா நூலகரை அனுப்பிக் கட்டுகளைச் சந்தைத் தகரக் கொட்டகைக்கே கொண்டுவரச் சொன்னார். பெண்கள் முன்னால் ஒரு கோணியை விரித்து அதன்மேல் வைத்தார்.

"என்னைய நம்ப வேண்டாம். வாய நம்பாதீங்க, நடுவுல குத்திப் பாருங்க."

சொல்லிவிட்டு உப்பளத்துக் கதையைக் கையிலெடுத்து, நடுவில் திறந்து, ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். தகரத்தில் மழை விழுந்ததால் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. மேஸ்திரியின் பெண்சாதி விடியுமுன் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்குகிற பக்கம் அது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கிழங்குத் தராசு நின்றது. பக்கம் முடிந்ததும் அக்கா புத்தகத்தை மூடிவிட்டார்.

பலாக்காரி காத்திருந்தாள். பிறகு கேட்டாள், "அப்பறம்?"

"எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போய்ப் படி."

"நீங்க மோசமான ஆளுக்கா" என்றாள் பலாக்காரி. கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். விண்ணப்பத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், வெள்ளை இடத்தில் கோடு இழுத்தாள், பிறகுதான் பெயர் எழுதினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒருத்தி விடாமல் கோடு இழுத்தார்கள். கோடு போட்டுக் கிடந்த அந்த விண்ணப்பங்களை வைத்துக்கொண்டு நூலகர் மேலதிகாரிகளுக்கு என்ன பதில் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. எல்லோரும் போடவில்லை. கிழங்குக் கிழவி கடைசிவரை, இதுல என்னமோ இருக்குது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வண்டி வந்தபோது சில கட்டுகள் ஏறின. கடைசித் தட்டில் பாதிக்குமேல் மலையிலேயே நின்றது.

எனக்கும் அக்காவுக்கும் நடுவே மட்டும் அது நேராகவில்லை. மிளகு கொண்டுவந்தார், கல் வைத்தார், இன்னைக்குச் சரி என்றார். பொட்டலப் பேச்சை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நூலகத்தில் அகராதிப் பக்கம் நான் போவதை விட்டுவிட்டேன். போனால் அவர் பார்ப்பார் என்று ஓர் உறுத்தல். ஆனால் ஒரு நாள், கண்மட்டத் தட்டுக்கு ஏறிவிட்ட உப்பளத்துக் கதையை அவர் எடுத்து, சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்ததைப் பார்த்தேன். சீட்டில் முத்திரை நிறைய விழுந்திருந்தது. இத்தன பேரு எடுத்திருக்காங்கன்னா இதுல ஏதோ கோளாறு இருக்கோணும், நாமதான் கவனிக்காம விட்டுட்டோம் என்றார், யாரிடம் என்றில்லாமல். பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

பிறகு முழங்கால் வைத்தியத்துக்கென்று மகள் வீட்டுக்குக் கீழே போனார். திரும்பவில்லை. போன மழைக்கு முன்னால் சாவுச் சேதி வந்தது. சொன்னவரைச் சந்தையில் யாரும் உடனே நம்பவில்லை. யார் சொன்னது, நேரில் பார்த்தாயா, எந்த ஆஸ்பத்திரி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் வளர்த்த சந்தை அது.

நூலகத்தில் இப்போது வேறொருவர், சின்ன வயதுப் பெண். சென்ற மாதம் என்னைக் கூப்பிட்டு, அக்காவின் அட்டையில் ஒரு புத்தகம் திரும்பி வரவில்லை, உங்களுக்குத் தெரிந்தவராமே, நம்பிக்கையான ஆளா என்று கேட்டார். அட்டை போன, கடைசிப் பக்கம் இல்லாத புத்தகமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. பயந்து பயந்து ஒரே ஒரு கையெழுத்துப் போட்டவர், அதன்மேல் ஒரு பழி நின்றுவிட்டதே என்று.

நேராக உள்ளறைக்குப் போனேன். கடைசித் தட்டில் குனிந்து அகராதிகளுக்குப் பின்னால் கையை விட்டேன். சிலந்தி வலையும் சுவரின் ஈரமும் தட்டுப்பட்டன. அப்புறம் புத்தகம்.

மேசையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கொடுத்தால் மறுபடி கட்டிவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். மறைத்து வைக்க அவர் வீட்டில் இடமில்லாமலா போயிற்று? அந்த இடைவெளி தெரிந்தவர் மலையில் இரண்டே பேர். ஒருவர் மலையை விட்டுப் போகப் போகிறார் என்றால், அவர் அதை யாருக்காக அங்கே வைத்தார்?

புத்தகத்தைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் மேசையில் வைத்தேன். வரவு வைத்து, அக்காவின் பேரில் எதுவும் நிலுவை இல்லை என்று அவர் எழுதுவதை, அக்கா பார்க்கிற மாதிரியே, எட்டி நின்று சரிபார்த்தேன். பிறகு அவர் நிமிர்ந்தார். இது அங்கே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். கண் என் முகத்திலிருந்து என் தோள்பைக்கு இறங்கியது.

நான் கோபப்படவில்லை. அவர் கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து, உள்ளேயிருந்த குத்தூசியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.